பதினைந்தாவது கோடு

தலைக்கு ஐந்து.
படகுக்குப் பதினைந்து, எத்தனை தலை இருந்தாலும்.
எங்கள் படகில் நான்கு தலை.
ஒன்றுக்கு இன்னும் பால்பல்லே விழவில்லை.

பிடித்ததைத் திரும்ப விடக் கூடாது,
குட்டியானாலும் கணக்கில் ஒன்று.
டரெல் இதை வாசித்துக் காட்டியது
விடிகாலை நாலரைக்கு, சமையலறை விளக்கில்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு.
கீலி தலையாட்டினாள். ஒன்பது வயது.
விதி என்றால் அவளுக்குப் பலகாரம்.
அவள் வயதில் எனக்குக் கடல் காலியாகியிருந்தது,
நியூஃபவுண்ட்லாந்து முழுக்கப் படகுகள் கவிழ்ந்து கிடந்தன.
அதனால்தான் சட்டம். அதைச் சொல்ல நேரமில்லை.
ரைடர் தூங்கிக்கொண்டே பான்கேக் தின்றான்.

முனையைத் தாண்டியதும்
அதைக் கடலுக்கே கொடுத்துவிட்டான்.
மிதவைச் சட்டையின் கழுத்தைப் பிடித்து
ஆணியில் மாட்டிய கோட்டைப் போல
நான் அவனைத் தொங்கவிட்டிருந்தேன்.
"மீனுக்கும் பசிக்கும்ல" என்றான்
வாயைத் துடைத்தபடி, பெருந்தன்மையாக.

பனிமூட்டத்தில் கரை இல்லை.
எங்கோ ஒரு திமிங்கிலம் மூச்சு விட்டது,
கதவு திறக்காத பஸ் போல.
இஞ்சின் நின்றது.
நின்ற பிறகுதான் தெரிந்தது
அரை மணியாக நாங்கள் யாரும் பேசவில்லை என்பது.
திங்கட்கிழமை டரெல் விமானம் ஏற வேண்டும்,
ஆல்பர்ட்டாவுக்கு, எண்ணெய் மணலுக்கு.
மூன்று வாரம் அங்கே. ஒரு வாரம் இங்கே.

இருபது பாகம் கயிறு.
ஈயத்தில் வார்த்த பொய்மீன்
அடியைத் தொட்டு, ஒரு முழம் மேலே வந்து,
எழுவதும் விழுவதுமாய்.
முதல் காட் மீன் டரெலுக்கு.
பாசி நிற முதுகு, விலாவில் வெள்ளைக் கோடு,
மோவாயில் ஒற்றை முடி.
"ஷேவ் பண்றப்ப விட்டுட்டான்" என்றான் ரைடர்.
கீலி சிரிக்கவில்லை. எழுதினாள்,
கடையாலின் உள்பக்கம், கறுப்பு மார்க்கரில்:
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
குளிர்பெட்டிக் கதவில்
அப்பா இல்லாத நாள்களை எண்ணுவதும் இப்படித்தான்.

பத்து மணிக்குப் பதினான்கு.
என் உள்ளங்கைகளைக் கயிறு தின்றிருந்தது.
பெட்டிக்குள் வால்கள் பலகையைத் தட்டின.
பிறகு தட்டவில்லை.
மிச்சம் ஒன்று.
அது ரைடருக்கு என்று யாரும் சொல்லாமலே
எல்லோரும் கயிற்றைச் சுற்றி வைத்தோம்.

முக்கால் மணி நேரம்.
ரொட்டி தின்றான். வாளியில் ஒன்றுக்குப் போனான்.
கடற்காகம் ஒன்றுக்கு டெரிக் என்று பெயர் வைத்தான்.
கயிறு துள்ளியபோது
டெரிக்கோடு பேசிக்கொண்டிருந்தான்.

மேலே வந்தது என் கையளவு.
அவன் பூட்ஸைவிடச் சின்னது.
கொக்கி உதட்டோரத்தில், தோலில் மட்டும்.
"இது இன்னும் ஸ்கூலுக்கே போகல" என்றான்,
இரண்டு வாரமாக ஸ்கூலுக்குப் போகிறவன்.

கீலி கோட்டைப் போட்டுவிட்டாள்.
மார்க்கர் மூடி அவள் பல்லிடுக்கில்.
"விடக் கூடாது. அப்பா வாசிச்சாரு."

மூன்று பேரும் டரெலைப் பார்த்தோம்.
டரெல் எழுந்தான். அமரத்துக்குப் போனான்.
பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திருகித் திறந்து
உள்ளே பார்க்கத் தொடங்கினான்,
சொட்டுச் சொட்டாக எண்ணி முடிக்கப்போகிறவன் போல.
நானும் தேநீர்க் குடுவையைத் தேடினேன்.
அது என் மடியில் இருந்தது.

களுக்.

திரும்பியபோது
ரைடரின் இரண்டு கையும் சட்டைப் பையில்.
ஈரமாய் இருந்தது கீலியின் கை.

துறையில் பச்சைச் சட்டை அதிகாரி
மீன்களை எண்ணினார், கோடுகளை எண்ணினார்,
மறுபடி மீன்களை.
"ஒண்ணு குறையுதே?"
"தப்பா எண்ணிட்டேன்" என்றாள்,
பிறந்ததிலிருந்து தப்பாக எண்ணாதவள்.
அவர் அவளைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

ராத்திரி மாவு எடுக்கப் போனபோது பார்த்தேன்.
திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.
குளிர்பெட்டிக் கதவில் அதற்குள்
ஒரு கோடு.

அழிக்கலாமா என்று நின்றேன்.
அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.