பின்னணி இரைச்சல்

ஓல்ட்டன். நவம்பர். பத்து நாளாய்ப் பனிமூட்டம்.
இந்த அறைக்கோ சன்னலே கிடையாது,
சுற்றிலும் செப்புத் தகடு.

பால் கறக்கும் இயந்திரம் மேசைமேல்.
இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை.
முதலில் வெறுங்கம்பி என்ன முணுமுணுக்கிறது
என்று கேட்டுவைக்க வேண்டும்; அதுதான் முறை.

பதினேழு கிலோஹெர்ட்ஸில் ஒரு முள்.
முளைத்தது. வளர்ந்தது.
வரம்புக்கோட்டை முட்டிக்கொண்டு நின்றது.

விளக்கை அணைத்தேன். விசிறியைப் பிடுங்கினேன்.
ரெகுலா தன் கைப்பேசி சார்ஜரைக் கழற்றி
பிடிபட்ட எலியைப்போல் தூக்கிக் காட்டினாள்.
முள் அசையவில்லை.

சுவரில் பதித்த வடிகட்டி
உயர்ந்த அலைகளைத்தான் மறிக்கும்.
தாழ்ந்தவை குனிந்து நுழைந்துவிடும்.

வெளியே வந்தேன். கண் கூசியது.
மூட்டம் கிழிந்து, பக்கத்து மாட்டுக்கொட்டகைக் கூரையில்
நாற்பது சோலார் பலகைகள்.
பத்து நாளில் முதல் வெயில்
எனக்கு முன்பே கம்பிவழி வந்து
ஆள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறது.

படிவத்தில் 'இரைச்சலின் மூலம்' என்றொரு கட்டம்.
வெயில் என்று எழுதினேன்.
ரெகுலா அதை அடித்துவிட்டு
அண்டை வீட்டு இன்வெர்ட்டர் என்று திருத்தினாள்.

இரண்டு மணிக்கு மூட்டம் திரும்பியது.
முள் படுத்தது.
"சீக்கிரம்," என்றாள், "இயந்திரத்தைப் போடு."