ஒன்றரை கிராம்

எஸ்.பி. ரோட்டில் மழை விட்டும் விடாத சனிக்கிழமை.
பன்வர் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல்
இரண்டு ஃப்ளைட் கன்ட்ரோலர்கள்.
ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதி.
"எடை?" என்றேன்.
"லைட் வெயிட், மேடம்."
"எவ்வளவு லைட்?"
உள்ளங்கையில் வைத்து, மூடி, திறந்து,
"ரொம்ப லைட்."

கடையில் தராசு உண்டு.
செத்த மதர்போர்டுகளைச் சாக்கோடு தூக்கி நிறுக்கும்
கொக்கித் தராசு.
ஐம்பது கிராமுக்குக் கீழே
அதற்கு உலகம் கிடையாது.

ஆபீஸ் அடையாள அட்டையை அடகு வைத்துவிட்டு
இரண்டையும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு
நகரத்பேட்டைக்கு நடந்தேன்.
தோளுக்கு மட்டுமே இடம்விடும் மாடிப்படி,
மேலே ஊதுகுழலோடு பிகாஷ் தாஸ்.
"சோனா?"
"மூளை" என்றேன் தமிழில்.
அவருக்குப் புரியவில்லை. நல்லது.

மின்விசிறியை நிறுத்தினார்.
மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சைகை காட்டினார்.
கண்ணாடிக் கதவு இறங்கியது.

மூன்று புள்ளி ஒன்பது இரண்டு.
ஐந்து புள்ளி நான்கு எட்டு.

"கல் கழிக்கணுமா?" என்று கேட்டார், பழக்கதோஷத்தில்.
பிறகு வித்தியாசத்தைப் பார்த்து,
என் மூக்கையும் பார்த்து,
"இதில் மூணு மூக்குத்தி அடிப்பேன்" என்றார்
அவருக்கும் எனக்கும் அரைகுறையான கன்னடத்தில்.

அந்த ஒன்றரை கிராமில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
உயரம் பார்க்கும் சென்சார் ஒன்று,
பேஸ்மெண்டில் பறப்பவளுக்கு உயரம் எதற்கு.
பிளாஸ்டிக் பிளக்குகள்,
வேண்டாம், நேராகவே பற்றவைப்பேன்.
சூடு தாங்கக் கொஞ்சம் தடித்த தாமிரம்.
அப்புறம்
ஒரு நினைவகச் சில்லு.
எந்தப் பக்கம் சாய்ந்தேன், எவ்வளவு சுழன்றேன்,
கீழே நிற்பவள் என்ன கேட்டாள், நான் என்ன கொடுத்தேன் என்று
நொடிக்கு ஆயிரம் முறை எழுதிவைக்கும்
கணக்குப்பிள்ளை.

போன பிப்ரவரி.
கம்மனஹள்ளியில் ஓர் அபார்ட்மெண்டின் இரண்டாம் அடித்தளம்,
தூணுக்குத் தூண் ஃபோம் வளையங்கள்,
கடைசிச் சுற்று.
முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.
மூன்றாவது வளையத்தின் கீழ்விளிம்பில் மோதி
யாருடைய ஆக்டிவாவுக்கோ அடியில் விழுந்தது.
மோட்டார் என்றேன்.
பிறகு, முனாவரின் வீடியோ சேனல்
என் சேனலில் ஏறிவிட்டது என்றேன்
எல்லோர் முன்னாலும்.
அவன் ஒன்றும் சொல்லாமல் பேட்டரிகளை எண்ணிப் பையில் போட்டான்.

பதினைந்து நாள் கழித்துப் பதிவைத் திறந்தேன்.
மோட்டார் நான்கும் கேட்டதைக் கொடுத்திருந்தன.
கேட்டதுதான் குறைவு.
வழுவழுப்பாக ஏறும் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம்:
என் இடது கட்டைவிரல் பயந்த இடம்.
நூற்றிருபது மில்லிசெகண்ட்.
லேப்டாப்பை மூடிவிட்டுப் பால் வாங்கப் போனேன்.

பிகாஷ் விசிறியைப் போட்டார், பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.
படி இறங்குகையில் எனக்கு நானே சொன்ன காரணம்:
பேட்டரி இல்லாமல் இருபத்தாறு கிராம் வண்டிக்கு
ஒன்றரை என்பது ஒரு தொப்பை.
காரணம் சரிதான்.
ஆனால் அது மட்டும்தானா என்று
எந்தத் தராசிலும் நிறுக்கவில்லை.

வாங்கியது இலேசானதை.

இரவு பதினொன்று, அல்சூர், சமையல் மேடை.
ஈயத்துக்கும் எடை உண்டு,
கூடுதல் துளியை ஒற்றி எடுத்தேன்.
ஒயர்களை வெட்டினேன், இன்னும் வெட்டினேன்,
நான்காவது எட்டவே இல்லை.
திட்டிக்கொண்டே வேறு ஒயர்.

எழும்பியது.
மிக்ஸிக்கு மேலே, கண்ணுக்கு நேராக நின்றது.
விரல் நினைப்பதற்கு முன் திரும்பியது,
ஜன்னல்வரை போய், வந்து, இன்னொரு முறை போய்,
அப்படி ஒரு வண்டியை இதுவரை நான் ஓட்டியதில்லை.
ஃப்ரிட்ஜில் இடித்து விழுந்தது.

பொறுக்கி எடுத்தேன். புரொபெல்லர் முழுசு. போர்டில் பச்சை விளக்கு.
ஏன் விழுந்தது என்று கேட்க
அதில் யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
முனாவருக்குப் போன் செய்தேன்.
ஆறாவது மணியில் எடுத்தான்.
"என்ன ஜெசிந்தா," என்றான்,
"மறுபடி மோட்டாரா?"