தாடை

சாட்ஸ்வர்த்தில் கரண்ட் போன இரவுகளில்
ஆம்ப் இல்லாமல்தான் பழகினேன்.
பேஸ் கிட்டாரின் கொம்பை அலமாரியில் அழுத்தினால்
கதவு முனகும்,
உள்ளே தேஷ்னியின் வளையல்கள் சிணுங்கும்.
"காலையில எனக்கு டியூட்டி"
என்று சுவருக்கு அந்தப்புறம் அவள்.
அப்புறம் தாடையைக் கொம்பில் வைத்தேன்.
பல்லுக்குள் ஒரு பேருந்து
மெல்லத் திரும்பியது.
ஒரு சுரமும் தப்பவில்லை.

இன்று கல்யாண மண்டபம். அறுநூறு பேர்.
ட்ரம்ஸில் மெர்வின் ஓடுகிறான்.
மானிட்டர் செத்துவிட்டது.
என் விரல் எனக்கே கேட்கவில்லை;
கால்சட்டை மட்டும் நடுங்குகிறது,
பேஸா, பயமா, தெரியவில்லை.

குனிந்தேன். தாடை. கொம்பு.
அங்கேதான் இருந்தேன்,
அரை மாத்திரை பின்தங்கி.

ஸ்டைல் என்று விசிலடித்தார்கள்.
பிரியாணி மெல்லும்போதும்
கீழ்ப்பல் ஒன்று
வாசிப்பை நிறுத்தவில்லை.