அரவு ஒன்றை அழித்தல்

ஏழு ஆ பிரிவுக்கு ரீச்சர் இல்லாத கிழமை
இடைத்தட்டியை ஒதுக்கி
எங்களோடு அவர்களைச் சேர்த்தார்கள்.
வாங்குக்கு நாலு பேர்.
ஒருவர் எழுதியதை மற்ற மூவர் திருத்த வேண்டும்.
சிவப்புப் பேனை கூடாது. அழிறப்பர் கூடாது.
வெட்டுவதென்றால் ஒற்றைக் கோடு,
வெட்டுப்பட்டது அடியில் கிடந்து
வாசிக்கக்கூடியதாய் இருக்க வேண்டும்.

எங்கள் கைக்கு வந்தது சாருகேசனின் கொப்பி:
'கன்னியா வெந்நீரூற்றுக்கு ஒரு சுற்றுலா.'
எங்கள் பஸ் திங்கள் போனது.
அவர்களுடையது செவ்வாய்.

அஸ்ரிபா சத்தமாக வாசித்தாள்.
கச்சான் காற்று அவளை முந்திக்கொண்டு
தாளைப் புரட்டப் பார்த்தது.
கொம்பு விடுபட்ட எழுத்துகளை
டிலக்சன் ஒவ்வொன்றாகப் பிடித்தான்.

'ஏழு கிணறுகள் இருந்தன. ஏழும் சூடாக இருந்தன.
நாங்கள் குளித்தோம்.
மிகவும் மகிழ்ச்சியாக இருந்தோம்.'

ஏழும் ஒரே சூடா என்று கேட்டது நான்தான்.
எந்தக் கிணற்றில் முதல் வாளி?
எது முதுகைச் சுட்டது?
அதை எழுது, வாசிக்கிறவருக்கும் சுடும் என்று
பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன்.

அவன் பென்சிலின் பின்முனையைப் பார்த்தான்.
துறைமுகப் பக்கம் ஒரு கப்பல்
நீளமாக ஊதி முடித்தது.
'எனக்குத் தெரியாது' என்றான்.
பிறகு, யாரோ விலை கேட்டதுபோல,
'அறுநூறு ரூபா.'

குளித்தோம் என்ற சொல்லின் மேல்
டிலக்சனின் பென்சில் நின்றுவிட்டது.
போகாத பயணத்துக்கா
இவ்வளவு நேரமும் கொம்பு போட்டுக்கொண்டிருந்தான்?
என் கேள்வியை வெட்ட
எந்தக் கோட்டைப் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அஸ்ரிபாதான் கேட்டாள்,
இன்றைக்கு என்ன கறி என்பதுபோல:
'அப்ப செவ்வாய்க்கிழமை எங்க இருந்தாய்?'
'வகுப்பில.'
'என்ன நடந்தது?'
'ஒண்டும் நடக்கல்ல.
ஒரு மான் வந்தது.'

மூன்று தலைகள் கொப்பியின் மேல் முட்டின.

எங்கள் ஊர் மான்கள் பஸ் நிலையத்தில் படுக்கும்,
வாழைப்பழத் தோலுக்குக் கடைவாசலில் நிற்கும்.
வகுப்புக்கு வந்ததில்லை.
கொம்பு இருந்ததா என்றான் டிலக்சன்.
ஒன்று. மற்றது முறிந்தது.
என்ன செய்தது?
நேரசூசியைத் தின்றது, வெள்ளிக்கிழமையிலிருந்து.
கலைக்கவில்லையா?
'கணிதம் ரெண்டு பாடமும் முடியட்டும் எண்டு விட்டன்.'

அடக்கமுடியாமல் சிரித்ததற்கு
எங்கள் வாங்கின் பெயர் கரும்பலகையில் ஏறியது.

அதன்பிறகு கோடுகள்.
'மான் அழகானது' போய்
'அது மென்றபோது தாள் மழைபோலச் சத்தமிட்டது' வந்தது.
மழைபோலவா என்று அஸ்ரிபா
தன் கொப்பியில் ஒரு மூலையைக் கிழித்து
காதருகே கசக்கிப் பார்த்து
சரி என்றாள்.
மேலே ஏழு கிணறுகளும்
ஒற்றைக் கோட்டுக்குக் கீழே கிடந்து
ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

கடைசி வரியை வெட்டப் போனேன்.
சாருகேசன் அதன்மேல் உள்ளங்கையை வைத்தான்.
'இது இருக்கட்டும்.'
மிகவும் என்பதை மட்டும் தானே வெட்டினான்.
இருந்தோம் என்பதை வெகுநேரம் பார்த்தான்.
அழிறப்பர் இருக்கா என்றான்.

டிலக்சன் சப்பாத்துக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான்.

தோவின் பின்னால் நிற்கிற அரவை
மெல்ல மெல்ல அழித்தான்.
தோ தே ஆனது.
இனி ம்மை ன் ஆக்கினால் முடிந்தது,
அவன் தனியே இருந்துவிடலாம்.

மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சுவரில் ஒட்டினார்கள்,
புதிய நேரசூசிக்குப் பக்கத்தில்,
மானுக்கு எட்டாத உயரத்தில்.
அந்த வரி அப்படியே நின்றது:
மகிழ்ச்சியாக இருந்தேம்.
யாரோ பிழையென்று வட்டம் போட்டிருந்தார்கள்,
சிவப்பில்.

சாதாரணதர வகுப்பில்
ஒரு பழைய செய்யுளின் முடிவில்
அதே ஏம் வந்தது.
அடிக்குறிப்பைத் தேடினேன்.
தன்மைப் பன்மை என்றிருந்தது.

அதுவும்
நாங்கள்தான்.