ரெண்டு பத்தமடை

வண்ணார்பேட்டைக் கடையில்
எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் பேசின.
தவமணி நேராகப் போய்
ஆளுயரப் பெட்டி ஒன்றின் தோளில் கை போட்டார்.
பதினைந்து அங்குலம். ஆயிரம் வாட்ஸ்.
கொடைக்குக் கட்டினால் நாலு தெருவுக்குக் கேட்கும்.
"நம்ம ஹாலு பத்துக்குப் பன்னெண்டு" என்றேன்.
"சத்தத்துக்கு எதுக்குட்டி இடம்?" என்றார்.

சமாதானபுரத்தில் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம்
ஷெரீபா சிஸ்டர் தூங்குவாள்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி,
காலை ஒன்பதிலிருந்து மூன்றுவரை அவளுக்கு நடுச்சாமம்.
இதைக் கடைப் பையனிடம் சொன்னேன்.
சுடலைமணி, காதில் பென்சில் செருகியவன்,
எட்டு அங்குலப் பெட்டியைத் துடைத்துக் காட்டினான்.
தவமணி அதை
அரை டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிறகு மைக்.
"ஏதாச்சும் பேசுங்க அண்ணாச்சி."
எல்லோரும் ஹலோ, செக், ஒன் டூ த்ரீ என்பார்களாம்.
இவருக்கு ஒன்றும் வரவில்லை.
குளியலறை அதிரப் பாடும் மனுஷன்
கம்பிவலைத் தலையை உற்றுப் பார்த்து நின்றார்.
அப்புறம் வாய் தானாகத் திறந்தது:

முன்னீர்பள்ளம் பத்தமடை சேர்மாதேவி
வீரவநல்லூர் கல்லிடை அம்பை
விக்கிரமசிங்கபுரம் பாவநாசம் பாவநாசம் பாவநாசம்ம்ம்

மிக்சரில் எரிந்த சிவப்பு விளக்கு அணையவில்லை.
கண்ணாடி அலமாரி கிணுகிணுத்தது.
ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்கு வந்து பெஞ்சில் சாய்ந்திருந்த ஒருத்தர்
கண்ணைத் திறக்காமலே சொன்னார்,
"ரெண்டு பத்தமடை."
"சில்லறையா குடும்" என்றார் இவர், மைக்கிலேயே.

கடை மொத்தமும் சிரித்தது.
நான் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருபத்து மூன்று வருஷம் டீசல் எஞ்சினுக்கு மேலே
குரலை எறிந்து பழகியவர்.
சாம்பாருக்கு உப்புக் கேட்பதும்
கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான்.

வயர் இல்லாத மைக் ஒன்று, தங்கக் கலர்.
நான் ஒரு வரி பாடினேன்.
என் குரல் எனக்குப் பின்னால்
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தது.
"ப்ளூடூத்னா கொஞ்சம் லேட்டாகும்க்கா."
"ஸ்டாப்பு தாண்டுன பொறவுல்லா விசிலடிக்கி" என்றார் தவமணி.
அன்றைக்கு முதல்முறையாக ஒரே கட்சியில் இருந்தோம்.

எக்கோ குமிழைத் திருகிக் காட்டினான்.
யார் பாடினாலும் கிணற்றுக்குள் தேவதூதர்.
சைபரில் வை என்றேன்.
ஆனால் சுருதியை இறக்கும் பொத்தான் வேண்டும்.
தைராய்டு எடுத்தபின்
கொயரில் நான் நின்ற வரிசை எனக்கு எட்டவில்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை,
"கீழே எதுவரைக்கும் போகும்?" என்று மட்டும் கேட்டேன்.

கடைசியாக ஒரு மைக், கறுப்பு, நடுத்தர விலை.
"இது வேண்டாம்க்கா, மூச்சைக்கூடப் பிடிக்கும்."
அதிலேயே இரண்டு எடுத்தோம்.

வீட்டில் முதல் ராத்திரி
பெட்டி பாடாமல் உறுமியது.
ஃபேன் ரெகுலேட்டர் என்றார் இவர். வயர் என்றேன் நான்.
எர்த் இல்லையென்று கண்டுபிடிக்க
எலெக்ட்ரீசியன் யேசுவடியானுக்கு
இரண்டு நாளும் முந்நூறு ரூபாயும் ஆயிற்று.

ஷெரீபா டூட்டிக்குக் கிளம்பிய பிறகு, எட்டே கால்,
அவர் கையிலிருந்த மைக்கை
வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
"பக்கத்துலதான் இருக்கேன். கடைசி சீட்டுல இல்ல."

பாட்டு தொடங்க நாலு தாளம் இருக்கையில்
மூச்சை இழுத்தார்.
எட்டு அங்குலப் பெட்டியில் அது வந்தது,
கொஞ்சம் இளைப்போடு, கொஞ்சம் பயத்தோடு.
இந்த மனுஷனிடம் இப்படி ஒரு சத்தம் இருப்பது
எனக்குத் தெரியாது.

முதல் வரியை விட்டுவிட்டார்,
ஓடிவந்து இரண்டாம் வரியில் தொற்றிக்கொண்டார்.
சிவப்பு விளக்கு எரியவில்லை.
முடிந்ததும் பெட்டியின் விலாவில்
இரண்டு தட்டு தட்டினார்.
ரைட், போலாம்.

என் முறை.
பொத்தானை இரண்டு படி இறக்கினேன்.
இன்னும் ஒரு படி.