அரைக்கு அரை

வேலந்தாவளம் செக்போஸ்டில்
லாரிகளுக்கு எடைமேடை உண்டு.
பள்ளிக்கூடத்துக்கு வந்த மெஷின்
திங்கட்கிழமையே படுத்துவிட்டது.
எல்லாரையும் பன்னிரண்டு கிலோ என்றது,
தலைமையாசிரியரையும்.

ஆகவே டேப் மட்டும்.
இழுத்தாலும் நீளாத ரகம்,
கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரியில்
கையெழுத்துப் போட்டு வாங்கியது.
தொலைத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

ஐந்தாம் வகுப்பு, தமிழ் மீடியம், முப்பத்தொரு பேர்.
படிவம் மலையாளத்தில்.
முதல் கட்டத்தில் உயரம், அடுத்ததில் கழுத்து,
அதற்கடுத்ததில் அர.
அர என்றால் இடுப்பு, அர என்றால் பாதி.
நம் அரையும் அப்படியே:
இடுப்பில் கட்டினால் அரைஞாண்,
கடையில் கேட்டால் அரை கிலோ.
எல்லையைத் தாண்டினால் பஸ்ஸின் நிறம் மாறும்,
பெட்ரோல் விலை மாறும்.
இது மாறவில்லை.
பயிற்சியில் மூன்று மணி நேரம் சொன்னதை
நான் இப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன்:
அரை, உயரத்தில் அரையைத் தாண்டக் கூடாது.

கடைசி விலா எலும்பைத் தேடு,
இடுப்பெலும்பின் மேட்டைத் தேடு,
நடுவில் டேப், சட்டைக்கு உள்ளே.
மூச்சு தானாக வெளியே போய் முடிகிற இடத்தில் படி.
இது புத்தகம்.
டேப் தொட்டதும் எல்லா வயிறும்
முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.
இது வகுப்பு.
நான் பெயரைக் கேட்பேன்.
பெயர் சொல்ல மூச்சு வேண்டும்.
வர்ஷித்கண்ணன் என்று முடிப்பதற்குள்
வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும்.
நீளப் பெயர் வைத்த பெற்றோருக்கு நன்றி.

அஃப்ரினா எழுந்தபோது பின்வரிசை
"டீச்சர், டேப்பு பத்தாது" என்றது.
உயரம் நூற்று நாற்பத்திரண்டு.
அரை எழுபது.
மறுபடி சுற்றினேன், எழுபதுதான்,
ஒரு சென்டிமீட்டர் மிச்சம்.
எண்ணைச் சத்தமாக வாசிக்கக் கூடாது என்பது உத்தரவு.
அன்று ஒருநாள் மீறலாமா என்றிருந்தது.
மீறவில்லை.
அவளே எட்டிப் படித்துவிட்டு
பின்வரிசையைப் பார்க்காமல்
போய் உட்கார்ந்தாள்.

மிதுலேஷை யாரும் எதுவும் சொல்வதில்லை.
முருங்கைக்காய்க் கைகள்,
கழுத்தெலும்பில் தண்ணீர் தேங்கும்.
சட்டையைத் தூக்கினால்
கறுப்பு அரைஞாணில் மூன்று இடத்தில்
கயிறு ஒட்டுப் போட்டிருந்தது.
நூற்று முப்பத்து நான்கு.
எழுபத்திரண்டு.
அவனுக்குப் பெயர் சிறியது என்பதால்
ஊர், தெரு, அப்பா ஓட்டும் லாரி நம்பர்
எல்லாம் சொல்ல வைத்தேன்.
எழுபத்திரண்டு.

சாயந்திரம் கேட்டருகே அவன் அம்மா சரளாமணி.
"இந்த எலும்பனுக்கா?
ஆளை மாத்தி எழுதிப்போட்டீங்க போங்க.
கேரளாக்காரங்க டேப்பே குட்டைங்க."
சரி, டேப் வேண்டாம் என்றேன்.
எதிரே பரோட்டாக் கடையில்
பார்சல் கட்டுகிற நூல் கேட்டேன்.
நிறுத்தியிருந்த கோழி லாரியில் பையனைச் சாய்த்து
உச்சியிலிருந்து குதிகால் வரை அளந்து
கடைக்காரரே அறுத்துக் கொடுத்தார்.
இரண்டாக மடித்து அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தேன்.
சுற்றினாள்.
நுனிகள் சேரவில்லை.
இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள்,
அவனை எக்கச் சொன்னாள்,
பிறகு அவளே "விடுடா மூச்சை" என்றாள்.
நடுவில் மூன்று விரல் வெற்று வயிறு.

நோய் என்று சொல்லவில்லை, என்றேன்.
வியாழக்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் பார்க்கணும்,
அவ்வளவுதான்.
அவள் வேறெதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.
"அவங்கப்பாவும் இப்படித்தான்.
கையும் காலும் குச்சி.
போன ஆவணியில கட்டைவிரலை எடுத்தாங்க."
லாரிக்குள் கோழிகள் இடம் மாற்றிக்கொண்டன.

நூலை முழங்கையில் சுற்றி
சாவிக்கொத்தோடு முடிந்துகொண்டாள்.

பையன் மட்டும் இன்னும் கணக்கிலேயே நின்றான்.
"டீச்சர், நான் ஒசரமானா
நூலும் பெருசாகுமில்ல?
அப்ப சேர்ந்திருமா?"

அதுவும் ஒரு வழிதான், என்றேன்.
பஸ் வந்துவிட்டது.