கூற்றுகளை உண்மையெனக் கொள்க

எல்லாப் பேனாக்களும் தவளைகள்.
சில தவளைகள் தபால் நிலையங்கள்.
நடைமுறைக்கு முரணாகத் தோன்றினாலும்
கூற்றுகளை உண்மையெனக் கொள்க.
கொண்டேன்.
நாலு வருஷமாகக் கொண்டுகொண்டே இருக்கிறேன்.

பாளையங்கோட்டை நூலக வாசலில்
டீ கிளாஸின் ஈர அடியைத் தாளில் ஒற்றி
வட்டம் போடுவான் கொம்பையா.
‘சில பேனா தபாலாபீஸுன்னு டிக் அடிச்சிராதல.
நடுவுல கெடக்க தவள
ஒருதரமாச்சும் முழுசா வந்தாத்தான் முடிவு வரும்.
வரலன்னா ரெண்டு வட்டமும்
தொட்டும் தொடாம கெடக்கட்டும், விடு.’
ஜெபசெல்வி கேட்பாள்:
‘தொட வாய்ப்பு உண்டான்னு கேட்டா?’
‘வாய்ப்பு எப்பவும் உண்டு’ என்பான்
அவளைப் பார்க்காமல்.
தாள் காய்வதற்குள்
நான் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

இந்தக் கணக்கு எங்கள் பக்கம் புதிதல்ல.
மானூர் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்தவர்
துண்டை உதறிப் போட்டுக் கேட்பார்:
எந்த ஊரு தம்பி?
அது முதல் கூற்று.
ஊர்ல எங்ஙன?
கோயிலுக்கு மேக்கயா, கிழக்கயா?
இரண்டாம் கூற்று.
மூன்றாவதாக எதுவும் கேட்கமாட்டார்.
தாள் இல்லை, பென்சில் இல்லை,
முப்பது வினாடிகூட ஆகாது.
முடிவு வந்துவிட்டதை
அவர் முழங்கால் நகர்வதில் தெரிந்துகொள்ளலாம்,
என் பக்கமாகவோ
ஜன்னல் பக்கமாகவோ.

தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள்.
ஊரில் எவ்வளவு என்று
பத்தாம் வகுப்பில் என் பெஞ்சில் இருந்த
மாசானத்தைத்தான் கேட்கவேண்டும்.
அவன் கையில் கிடந்த கயிற்றின் நிறத்தை வைத்து
பள்ளிக்கூட வாசலில் எவனோ கணக்குப் போட்டான்.
எட்டுத் தையல்.
இடது கை இப்போதும் முழுசாக மடங்காது.
விடை என்னவோ சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை
நாங்குநேரி ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரி.
பெல்ட்டைக் கழற்று. வாட்ச்சைக் கழற்று.
கையில் கயிறு கூடாது.
மேசைக்குப் பின்னால் ஒரு பெண்
தையல்கடைக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள்.
மஞ்சளும் சிவப்பும் பச்சையும் நீலமும்
பழைய பெயிண்ட் வாளியில் விழுந்துகொண்டிருந்தன.
எனக்கு முன்னால் நின்றவன்
‘அக்கா, இது சாமி கயிறு’ என்றான்.
‘எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ’ என்றாள்
கத்தரியை மூடாமல்.
என்னுடையது விழுந்த இடத்தை எட்டிப் பார்த்தேன்.
அதற்குள் மேலே இன்னும் இரண்டு விழுந்துவிட்டன.

திரையில்
எல்லா ஆறுகளும் கதவுகளாயின.
எந்தக் கதவும் உப்பு இல்லை.
எந்த ஆறும் உப்பு இல்லை என்பது பின்தொடர்கிறது.
பின்தொடர்கிறது என்று அழுத்தினேன்.
புன்னைக்காயலில் போய்க் கடலைத் தொடும் ஆறு
கொஞ்ச நேரம் மனசில் கரித்தது.
ஐந்து வினாடி அதில் போயிற்று.

ஜங்ஷனில் மானூர் பஸ்.
பக்கத்தில் புதிதாக ஒருவர்.
எந்த ஊரு தம்பி?
பாளையங்கோட்டை.
பாளையங்கோட்டையில எங்ஙன?
பஸ் ஸ்டாண்டு.
கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்.
தரவுகள் போதாதபோது வரும் முகம்,
எங்கள் மூன்று பேருக்கும் பழகிய முகம்தான்.
பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார்.
பதினோரு வருஷம் வெயில் படாத இடம்
அரை விரல் அகலத்துக்கு வெளுத்துக் கிடந்தது.
எந்த நிறம் மறைத்த வெளுப்பு என்று
அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.
கையை இழுத்துக்கொள்ளாமல்
முன்சீட்டுக் கம்பியிலேயே வைத்திருந்தேன்,
ராமையன்பட்டி தாண்டும்வரை.